நாங்கள் கொட்டிய சோளப்பாண்

அந்தத் தட்டு வெள்ளை எனாமல். விளிம்பைச் சுற்றி ஒரு நீலக் கோடு ஓடும். ஓரிடத்தில் மட்டும் எனாமல் பெயர்ந்து உள்ளே இருக்கிற இரும்பு கறுப்பாகத் தெரியும். போன மாதம் இங்கே கனடாவில், யூனியன்வில்லில் என் மச்சாள் வீட்டில் மாமியின், என் கணவருடைய தாயின், எண்பதாவது பிறந்தநாள் நடந்தபோது, நான் அந்தத் தட்டில்தான் கோர்ன்பிரெட் என்கிற சோளப்பாணை வெட்டி அடுக்கிக் கொண்டுபோனேன். மேசையில் ரோல்ஸ், கட்லட், ஆட்டிறைச்சிக் கறி, புரியாணி எல்லாம் இருந்தும் என் தட்டுத்தான் முதலில் காலியானது. சீனி வருத்தக்காரர்கள், சீனியே போடாத பாண் ஒன்று வந்திருக்கிறதாம் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்து எடுத்தார்கள். மாமி பட்டுச்சேலையோடு சோபாவின் நடுவில் இருந்தார். ஒரு துண்டைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"உது நாங்கள் மல்வேர்னில இருக்கேக்க பக்கத்து வீட்டுக் கறுப்புப் பிள்ளை பழக்கின சாப்பாடு. தங்கமான பிள்ளை. கிழமைக்குக் கிழமை சுடச்சுடக் கொண்டந்து தருவா. நாங்கள் எல்லாரும் ஆசையாச் சாப்பிடுவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். எல்லாரும் "அப்பிடியோ அன்ரி" என்று தலையாட்டினார்கள். ஒருவர், எங்கள் ஆட்களுக்குத்தான் எல்லா இனத்தவரோடும் பழகத் தெரியும் என்றுகூடச் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. கோபத்தில் எழுதக்கூடாது என்பார்கள். கோபம் ஆறும்வரை காத்திருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன், ஆகையால் எழுதுகிறேன்.

மாமி "கறுப்புப் பிள்ளை" என்று சொன்னவருக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். நகரப் பேருந்து ஓட்டினார். அதனால் நான் அவரை பஸ் அக்கா என்று கூப்பிட்டேன். மாமி வீட்டுக்குள் பஸ்காரி என்பார். அமெரிக்காவின் தெற்கில், அலபாமாவில் பிறந்து, ஒரு கனடாக்காரரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் நோவா ஸ்கோஷியாவில் பல தலைமுறையாக இருக்கிற ஒரு கறுப்பினக் குடும்பத்தவர். கார் திருத்துகிற வேலை. எங்களுடைய டவுன்ஹவுஸும் அவர்களுடையதும் ஒரே சுவர். கார் விடுகிற பாதையும் பொதுவானது. அவர்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நான் கல்யாணம் முடித்து வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. கணவர், மாமி, நான் மூன்று பேரும் அந்த வீட்டுக்குக் குடிபோன இரண்டாவது கிழமையே, வாசலில் பனி குவிந்திருக்க, பஸ் அக்கா துவாயால் மூடிய ஒரு தட்டோடு வந்து மணியடித்தார்.

அந்த முதல் தட்டை என் கணவர் வாசலிலேயே நிறுத்தினார். இதில் பன்றி, மாடு ஏதும் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பன்றிக் கொழுப்பில் சுட்டது என்று பஸ் அக்கா சொன்னதும், நாங்கள் இந்துக்கள், அது சாப்பிடுவதில்லை என்றார். பஸ் அக்காவுக்கு முகம் வாடவில்லை. தான் முதலில் கேட்டிருக்கவேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொண்டுபோனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தட்டு, அதே துவாய். இதில் வெறும் எண்ணெய்தான், பன்றி கிட்டவும் போகவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். மாமி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பல்லெல்லாம் தெரிய "தாங்க்யூ, தாங்க்யூ" என்றார். கதவு சாத்தியதும் சிரிப்பும் சாத்திக்கொண்டது.

"உதை ஆர் தின்னுறது? கொண்டுபோய்க் கொட்டு. தட்டைக் கழுவி நாலு வடையை வைச்சுக் குடு பிள்ளை. வெறுந்தட்டாக் குடுக்கக்கூடாது."

இந்த இரண்டு கட்டளையும் ஒரே மூச்சில் வந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அயலவர் தந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக் கேடு. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுக்கவேண்டும். அந்த மரியாதையை மாமி ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் தட்டில் வந்ததைக் குப்பையில் போடலாம். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று ஊரில் ஒரு பட்டியல் இருந்தது. குண்டுக்குப் பயந்து வீட்டை விட்டோம், காணியை விட்டோம், கோயிலை விட்டோம். அந்தப் பட்டியலை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். இங்கே வந்ததும் அதில் புதிய ஆட்களையும் சேர்த்துக்கொண்டோம்.

மாமி சுத்த சைவமா என்றால், வெள்ளிக்கிழமை தவிர நண்டு, இறால், ஆடு ஒன்றையும் விட்டுவைக்கமாட்டார். கோயிலுக்குப் போகும் வழியில் கோப்பிக்கடையில் டோனட் வாங்கிக் கேட்பார். அதைப் பிசைந்தவர் யார், பொரித்தவர் யார், கடதாசியில் சுற்றித் தந்த கை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடையில் வாங்கினால் தீட்டில்லை, அன்பாகக் கொண்டுவந்து தந்தால் தீட்டு. இதை எந்தச் சாஸ்திரத்தில் படித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வேலையிடத்தில் எங்கள் கறி மணக்கிறது என்று யாரோ ஒருத்தி மூக்கைச் சுளித்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிற ஆட்கள் நாங்கள். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

நான் கொட்டினேன். மாமி சொன்னார், கணவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சோளப்பாணைப் பையில் கட்டி, சாப்பாட்டுக் கழிவு போடுகிற பச்சைத் தொட்டிக்குள் போட்டேன். ஒன்றல்ல, எட்டுத் தட்டு. மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துகொண்டிருந்தது. நான் கழுவிய தட்டில் வடையோ பயற்றம் பணியாரமோ வைத்துக் கொடுப்பேன். பஸ் அக்கா அதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வேலியடியில் நின்று, வடைக்குள் இருந்த பெருஞ்சீரகத்தின் பெயரைக் கேட்பார். பணியாரத்தில் மிளகு போட்டிருக்கிறீரா என்று கண்டுபிடிப்பார். என்னிடம் ஒரு நாளும், தான் தந்தது எப்படி என்று கேட்கவில்லை. சாப்பிட்டிருப்போம் என்று நம்பிய மனுசி ஏன் கேட்கப்போகிறார்.

செப்டம்பரில், குப்பை கிளறித் திரிகிற ஒரு ரக்கூன் எங்களைக் காட்டிக் கொடுத்தது. குப்பை எடுக்கிற நாளன்று விடிகாலையில் தொட்டியை வீதிக்குத் தள்ளிவிட வெளியே வந்தேன். தொட்டி சரிந்து கிடந்தது. பை கிழிந்து, பொதுப் பாதை முழுக்க அந்தக் கிழமைச் சோளப்பாண். பெரிய வட்டத்தை எட்டாக வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே முக்கோணம் முக்கோணமாக, கடிபடாமல், ஒன்றிரண்டில் மட்டும் ரக்கூனின் பல் பட்டு. பஸ் அக்கா வேலைச் சீருடையோடு விளக்குமாறும் கையுமாக நின்று அதைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "குட் மோர்னிங்" என்றார். கூட்டி அள்ளி, வேறு பையில் போட்டுக் கட்டி, எங்கள் தொட்டிக்குள்ளேயே வைத்து, மூடியின்மேல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவர் ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. அதைக் கொடுக்கவேண்டும். நான் அழுதுகொண்டு உழுந்தரைத்து வடை சுட்டேன். மாமி, ரக்கூன் செய்த வேலைக்கு நாங்கள் என்ன செய்கிறது, பேசாமல் வடையைக் குடுத்துவிட்டு வா என்றார். பின்னேரம் நான் போய் மணியடித்தேன். பஸ் அக்கா கதவைத் திறந்தார், தட்டைப் பார்த்தார், ஒரு வடையை எடுத்து என் முன்னாலேயே நின்று முழுவதையும் சாப்பிட்டார். பிறகு சொன்னார். அவர் பேசியது தென்னமெரிக்க இழுவை ஆங்கிலம் என்று அப்போது எழுதியிருப்பேன். பிறகுதான் தென்னமெரிக்கா வேறு, அமெரிக்காவின் தெற்கு வேறு என்று படித்தேன். எப்படியோ என் நெஞ்சில் அது எங்கள் தமிழில்தான் பதிந்திருக்கிறது:

"வேண்டாமெண்டா வேண்டாமெண்டு சொல்லும். நான் பஸ் ஓடுறனான். விடிஞ்சு ஏழு மணிக்குள்ள எனக்கு எத்தினை பேர் என்னென்ன சொல்லுறாங்கள் தெரியுமோ? வேண்டாம் எண்ட சொல்லை என்னால தாங்கேலும்."

நான் ஏதோ சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. உள்ளே வாரும் என்றார். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். அடுப்பின்மேல் இரண்டு இரும்புச் சட்டி இருந்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு, நீளக் கைப்பிடி. ஒன்றைக் காட்டி, இது எங்களுடையது, பன்றிக் கொழுப்புச் சட்டி என்றார். மற்றதைத் தொட்டு, "உது உங்கட சட்டி" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்: முதல் தட்டை நாங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, தன் பழைய சட்டியில் இருபது வருடக் கொழுப்பு ஊறியிருக்கிறது, அதை எவ்வளவு கழுவினாலும் இந்தச் சனத்துக்குச் சரிவராது என்று நினைத்திருக்கிறார். பழைய சாமான் விற்கிற கடையில் துருப்பிடித்த ஒரு சட்டியைத் தேடி எடுத்து, துருவைத் தேய்த்துக் கழற்றி, எண்ணெய் பூசிப் பூசி ஓவனில் வைத்து, மூன்று நாள் வேலை பார்த்துக் கறுப்பாக்கியிருக்கிறார். எங்களுக்கு மட்டும். அதில் ஒரு துளி பன்றிக் கொழுப்பும் பட்டதில்லை.

தோசைக்கல்லைப் பழக்கிய யாருக்கும் அந்த மூன்று நாளின் அருமை தெரியும். எங்கள் வீட்டில் தோசைக்கல்லில் சவர்க்காரம் போட்டால் மாமி ஊரைக் கூட்டுவார். அப்படிப்பட்ட ஒரு சட்டியை, எங்கள் சாப்பாட்டு முறைக்கு மதிப்புக் கொடுத்து, முன்பின் தெரியாத ஒருத்தி பழக்கி எடுத்து, அதில் சுட்டுக் கொண்டுவந்து தந்ததைத்தான் நாங்கள் எட்டுத் தடவை ரக்கூனுக்குப் போட்டோம். இதை நினைக்கிறபோது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து, மாமியிடம் "நடக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கிப் பத்தடி நடந்து அவர் வீட்டுக்குள் போய்விடுவேன். சோளப்பாண் சுடுவதை அங்கே பார்த்துத்தான் பழகினேன். மா என்று சொல்வதைவிட ரவை என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். சோளத்தைக் கரகரப்பாக அரைத்த ரவை. அவருக்கு வெள்ளைச் சோள ரவைதான் வேண்டும், மஞ்சளைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு கோப்பை ரவை, கொஞ்சம் உப்பு, ஒரு கரண்டி பேக்கிங் பவுடர், அரைக் கரண்டி அப்பச்சோடா. ஒரு முட்டையும் ஒன்றே முக்கால் கோப்பை மோரும் விட்டுக் கலக்கி, ரவை ஊற ஐந்து நிமிடம் விடவேண்டும். கோதுமை மா ஒரு சிட்டிகையும் கிடையாது. இதற்கு முன்னாலேயே எண்ணெய் விட்ட வெறும் சட்டி நானூற்றைம்பது பாகை பரனைட்டில் ஓவனுக்குள் இருந்து காய்ந்துகொண்டிருக்கும். அதுதான் முக்கியம். சட்டியை வெளியே எடுத்து, சூடான எண்ணெயில் பாதியைக் கலவைக்குள் ஊற்றிக் கிளறி, கலவையைச் சட்டியில் ஊற்றினால் சுர்ரென்று சத்தம் வரவேண்டும். சத்தம் வராவிட்டால் அன்றைக்குப் பாண் இல்லை, கஞ்சிதான் என்பார். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஓரம் சட்டியைவிட்டு விலகும். உடனே தட்டின்மேல் கவிழ்த்துவிடவேண்டும், அடிப்பக்கம் மேலே வரும்படி. அப்போதுதான் மொறுமொறுப்பு ஆவியில் நனையாது.

சீனி என்ற சொல்லை அந்த அடுப்படியில் எடுக்கமுடியாது. சீனி போட்டால் அதற்குப் பெயர் கேக், கேக்கென்று சொல்லி விற்கட்டும், எனக்கு ஏன் பொய் சொல்கிறார்கள் என்று கேட்பார். கோழி வாட்டி விற்கிற கடைகளில் கூடவே தருகிற மஞ்சள், இனிப்புப் பஞ்சைக் கண்டால் அவருக்கு மெய்யாகவே கோபம் வரும். அது வடக்கத்திப் பழக்கமாம்: பாதி கோதுமை மா, நிறையச் சீனி, வெண்ணெய். ஆனால் அவர் வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி இருந்தது. கணவருடைய தாய் நோவா ஸ்கோஷியாவில் சுடுவது மஞ்சள் ரவையும் கோதுமை மாவும் சரிபாதி கலந்து, கரும்புப் பாணி விட்டு, சதுரத் தட்டில் வைத்து எடுத்து, அவித்த போஞ்சி விதையோடு சாப்பிடுவது. கணவர் அதற்காக ஏங்கிப் பெருமூச்சு விடுவார். வருடத்தில் ஒருநாள், அவருடைய பிறந்தநாளுக்கு, பஸ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைச் சுட்டுக் கொடுப்பார். ருசி பார்க்கக்கூட மாட்டார். டெக்சாஸ் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தி பச்சைமிளகாயும் சோள மணியும் சீஸும் போட்டுச் சுடுவதை மட்டும், அது பாணில்லை, ஆனால் நல்ல சாப்பாடு என்று ஒத்துக்கொள்வார். ஓவனே இல்லாத வீட்டில் ரவைக்குக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, கையால் தட்டி எண்ணெயில் பொரித்து எடுப்பது இன்னொரு வகை. கொதிதண்ணீர் விட்டு அகப்பைக் காம்பால் கிண்டியபோது நான் சிரித்துவிட்டேன். இது நாங்கள் பிட்டுக்கு மாக் குழைக்கிற விதம் என்றேன். அப்படியானால் நீங்களும் தெற்கத்தி ஆட்கள்தான் என்றார் பஸ் அக்கா.

நான் தனியாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டபோது, "உது உங்கட சட்டிதானே" என்று இரவல் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து நான் செய்த முதல் வேலை ரவையை வறுத்தது. எங்கள் கைக்குப் பச்சை மா ஆகாது. அரிசிமா என்றால் வறுப்போம், கோதுமைமா என்றால் அவிப்போம், ஒன்றும் செய்யாமல் மாவைப் பாவிப்பது சோம்பேறிகள் வேலை என்று ஊறிப்போயிருக்கிறது. வாசம் வரும்வரை வறுத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டுச் சுட்டேன். வறுத்த ரவை மோரெல்லாவற்றையும் குடித்துவிட்டு, பாண் வெடித்துப் பாளம் பாளமாக வந்தது. பஸ் அக்காவுக்குக் கொண்டுபோனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரவையை ஏன் தண்டித்தனீர் என்று கேட்டார். பிறகு ஒரு துண்டைச் சாப்பிட்டார், கதைக்காமல் இன்னொரு துண்டையும் எடுத்தார். மோரை அரைக் கோப்பை கூட்டும், வறுக்கிறதை விடவேண்டாம் என்றார். போன மாதம் யூனியன்வில் மேசையில் காலியானது அந்தப் பாண்தான்.

மாமி அதைச் சாப்பிட்ட கதையையும் சொல்லவேண்டும். கவிழ்த்த வாசத்துக்கு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, இது என்ன பிள்ளை என்று கேட்டார். சோளப்பாண் என்றேன். நீயோ செய்தனீ என்றார். ஓம் என்றேன். மூன்று துண்டு சாப்பிட்டார், சம்பல் வேறு கேட்டார். அதே ரவை, அதே மோர், அதே சட்டி. கை மட்டும் வேறு. அந்தச் சட்டி யாருடையது என்று சொல்லிவிட எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வீட்டில் அமைதி வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன். எத்தனை அநியாயங்களுக்கு நாங்கள் இந்த அமைதியைக் காவலுக்கு வைத்திருக்கிறோம்.

அடுத்த வருடம் ஊரில் என் மாமனாரின் தம்பி செத்துப்போனார். எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். பஸ் அக்கா கேள்விப்பட்டு, செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவார்களோ இல்லையோ என்று நினைத்து, சோளப்பாணோடு வந்தார். நான் அடுப்படியில் தனியாக இருந்து சாப்பிட்டேன். தட்டு எங்களிடம் நின்றது. துடக்கு வீட்டிலிருந்து சமைத்த சாமான் வெளியே போகக்கூடாது. தட்டோ வெறுமையாகப் போகக்கூடாது. ஆகவே துடக்குக் கழியட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் நோவா ஸ்கோஷியாவில் பஸ் அக்காவுடைய கணவரின் தாய்க்குப் பாரிசவாதம் வந்து, அவர்கள் அவசரமாக வீட்டை விட்டுக் கிளம்பவேண்டி வந்தது. லொறியில் சாமான் ஏற்றுகிற நாள் பஸ் அக்கா எங்கள் வாசலுக்கு வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய அந்தச் சட்டியை என் கையில் வைத்தார். நான் தட்டை எடுக்க உள்ளே ஓடினேன். மாமி வழிமறித்து, துடக்கு நேரம் ஒன்றும் குடுக்காதே என்றார். நான் வெறுங்கையோடு திரும்பி வந்து காரணத்தைச் சொன்னேன். பஸ் அக்காவுக்கு எங்கள் சட்டதிட்டமெல்லாம் அதற்குள் பாடம். "வைச்சிரும். நிரப்பிக்கொண்டு வாரும்" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு நத்தாருக்கு நத்தார் அவர் கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டை அனுப்புவார், நானும் அனுப்புவேன். நாங்கள் மல்வேர்னை விட்டு ரூஜுக்கு வந்தோம். தட்டும் சட்டியும் கூடவே வந்தன.

இப்போது யூனியன்வில்லுக்கு வருகிறேன். மாமி "ஆசையாச் சாப்பிடுவம்" என்று சொன்னதும் நான் காலித் தட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமி, நாங்கள் ஒரு நாளும் சாப்பிடேல்லை. எட்டுத் தட்டும் குப்பையில கொட்டினனாங்கள்."

மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். என் பதினாறு வயது மகள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஆர் யூ சீரியஸ், அம்மா? அவ தந்த சாப்பாட்டைக் குப்பையில போட்டனீங்களா?" என்று கேட்டாள். நான் மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடமாகச் சேர்த்துவைத்த கோபம். அவர் தலை குனியவேண்டும் என்று காத்திருந்தேன். மாமி குனியவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொன்னன். கொட்டினது ஆர்? நீதானே கொண்டுபோய்க் கொட்டினனீ. ஒரு நாள் எண்டாலும் மாட்டன் எண்டு சொன்னனீயோ?"

யாரோ கேக் வெட்டுவோம் என்று கைதட்டினார்கள், எல்லாரும் பாடினார்கள், நானும் வாயை அசைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் நேரே தன் அறைக்குப் போய்விட்டாள். நான் அடுப்படியில் நின்று தட்டைக் கழுவினேன்.

மேலே எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன். அன்றைக்குப் பஸ் அக்காவின் வாசலில் "நான் ஏதோ சொன்னேன், அவர் முகம் இளகியது" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது ஏதோ அல்ல. என்ன சொன்னேன் என்று எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். நீர் சாப்பிட்டனீரோ என்று அவர் கேட்டார். ஓம், ஒவ்வொரு முறையும் நான் ஒரு துண்டு சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, மிச்சத்தை மாமிதான் கொட்டினவர், அவர் பழைய காலத்து ஆள் என்றேன். அப்படியென்றால் உமக்காவது பிரயோசனப்பட்டது என்று சொல்லித்தான் அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். அந்தப் பொய்யின்மேல்தான் நான் அவருடைய அடுப்படியில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தேன். மாமியின் பூசணிக்காயில் பாதியை நான்தான் முதலில் சோற்றுக்குள் வைத்தேன்.

ஓகஸ்டில் காரில் நோவா ஸ்கோஷியா போகிறோம். மகள்தான் விடாப்பிடியாக நின்று லீவு எடுக்கவைத்தாள். நத்தார் மட்டையில் விலாசம் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் அங்கேயே அடுப்பு இரவல் வாங்கி, அந்தச் சட்டியில் சுட்டு, தட்டை நிரப்பிக் கொடுப்பது என்று யோசித்து வைத்திருக்கிறேன். தட்டு, நீலக் கோடும் பெயர்ந்த எனாமலுமாக, துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. பாணைவிட முதலில் வைக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்துகொண்டு அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுகிறேன், தமிழில்தான் வருகிறது.

அந்த எட்டுத் தட்டில நான் ஒரு துண்டும் சாப்பிடேல்லை, அக்கா. நான்தான் கொட்டினனான்.